ஆடிக் கூழை மருந்துக் கடையில வைக்காதீங்க

ஆடி பொறந்தாச்சு. கூடவே வாட்ஸப் வைத்தியமும் பொறந்தாச்சு.

"கூழ் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும்." "மாத்திரையைத் தூக்கி எறியுங்கள், கேழ்வரகைக் கையில் எடுங்கள்." "அரிசி என்னும் வெள்ளை விஷம்." எல்லாத்துக்கும் மேல 'முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை'ன்னு ஒரு தலைப்பு, கீழ மண்சட்டி படம், பக்கத்துல ரெண்டு சின்ன வெங்காயம்.

கும்மிடிப்பூண்டி பக்கத்துல பொது மருத்துவம் பார்க்கிறவ நான். வருஷா வருஷம் ஆடி முடிஞ்சு ஆவணி வரும்போது இந்த ஃபார்வர்டுகளோட விளைவு என் ஓபி வாசலில் வந்து உட்காரும். அதனால இந்த வருஷம் முன்னாடியே எழுதிடறேன். நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க. (டீ பத்தியும் கீழே ஒரு வரி இருக்கு.)

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். எனக்குக் கூழ் பிடிக்கும். பெரியபாளையம் போற வழியில எந்த ஊரில் அண்டா வச்சிருந்தாலும் வண்டியை நிறுத்திக் குடிச்சிட்டுத்தான் போவேன். என் சண்டை கூழோட இல்லை. கூழை மருந்தாக்கி விக்கிறவங்களோட, "பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்க"ன்னு ஏசி ரூம்ல இருந்து ஏழைக்குப் புத்தி சொல்றவங்களோட. அதில் என் சக டாக்டர்கள் சிலரும் சேர்த்தி.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம். தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம். வித்தியாசம் இருக்கு, ஆனா வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. புரதம்? கேழ்வரகில் 7 கிராம் சொச்சம், அரிசியில் 8 கிராமை ஒட்டி. ஆமாங்க, அரிசியில்தான் இம்மியளவு கூடுதல். இதை எந்த ஃபார்வர்டிலும் பார்த்திருக்க மாட்டீங்க.

கேழ்வரகு எதில் ஜெயிக்குதுன்னா, கால்சியத்தில். 100 கிராமுக்கு 364 மில்லிகிராம். அரிசியில் வெறும் 7. நார்ச்சத்து 11 கிராம். அரிசியில் 3ஐ ஒட்டி. இரும்பும் பல மடங்கு அதிகம். இவ்வளவும் உண்மை, இதுக்காகவே கேழ்வரகு சாப்பிடலாம். ஆனா சர்க்கரை நோய்க்காரருக்கு ரத்தத்தில் ஏறுறது கால்சியம் இல்லை, மாவுச்சத்து.

இப்ப ஒரு பெரிய சொம்புக் கூழ் எடுத்துக்குங்க. முந்தின நாள் ராத்திரி கரைச்சுப் புளிக்கவச்ச கேழ்வரகு மாவு, ஒருத்தர் பங்குக்கு 40 கிராம்னு வைங்க. நம்ம பக்கத்துக் கூழ்ல அரிசி நொய் போடாம யாரும் காய்ச்சுறதில்லை. அது ஒரு 20 கிராம். ரெண்டும் சேர்ந்தா மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டும். ஒரு கப் சோத்துல இருக்கிறதும் ஏறக்குறைய அதேதான். சோத்தையாவது மென்னு திங்கணும். கூழ் அரைச்ச மாவு, கரைச்ச மாவு, கடகடன்னு இறங்கிடும். வெயில்ல வரிசையில நின்னவங்க ஒரு சொம்போட நிறுத்தவும் மாட்டாங்க.

அதே சொம்புல கால்சியம் 140 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். நல்ல விஷயம். வருஷத்துல ஒரு நாள் கிடைச்சா எலும்புக்கு என்ன ஆகப்போகுது?

"அப்ப சிறுதானிய ஆராய்ச்சியெல்லாம் பொய்யா டாக்டர்?" பொய் இல்லை. ஆனா நாடு முழுக்க எடுத்த ஆய்வு என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் 2023 முடிவுப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல். அதே ஆய்வுக் குழு 2025ல் உணவு பத்தித் தனியா ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. இந்தியத் தட்டுல வர்ற சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருது. அரிசியை எடுத்துட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானிய மாவோ வச்சா ஆபத்து குறையலை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைச்சு அந்த இடத்துல பருப்பு, பால், முட்டை மாதிரி புரதத்தை வச்சாத்தான் குறையுது.

இதுதான் விஷயம். தட்டுல தானியம் எதுங்கிறது ரெண்டாவது கேள்வி. தானியத்தைத் தவிர தட்டுல வேற என்ன இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி.

2023ஐ ஐநா சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து கடைத்தெரு வேற மாதிரி ஆயிடுச்சு. ராகி பிஸ்கட், ராகி நூடுல்ஸ், கருப்பட்டி போட்ட ராகி மால்ட். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சேர்மானப் பட்டியல்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு விதி. முதல் பேர் மைதா, அடுத்தது சர்க்கரை, எங்கேயோ கீழே ஒரு ஓரத்துல ராகி. அதை வாங்கிட்டு வந்து "டாக்டரம்மா, இப்பல்லாம் ராகி பிஸ்கட்டுதான்"ன்னு பெருமையாச் சொல்றாங்க. அவங்களை நான் எப்படித் திட்டுறது?

திட்ட வேண்டியவங்க வேற இடத்துல இருக்காங்க. போன வருஷம் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசைத் தாண்டினவர், விவசாயக் கூலி. சின்ன வயசுல கூழ் குடிச்சு வளர்ந்தவர், அதனால நம்பிக்கை. மகன் போன்ல காட்டின வீடியோவைப் பார்த்து ரெண்டு மாசம் மாத்திரையை நிறுத்திட்டார். மூணு வேளையும் கூழ். தொட்டுக்க ஊறுகாய், வேற ஒண்ணும் இல்லை. வரும்போது சர்க்கரை 400க்கு மேல, கால் விரலில் சீழ். ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த வீடியோ இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு. லட்சக்கணக்கில் பார்வை. விரல் போனதுக்கு அதுல கணக்கு இல்லை.

இந்த மாசத்துக்கு இன்னொரு எச்சரிக்கை, குறிப்பா அம்மாக்களுக்கு. ஆடி வெள்ளி, ஆடி ஞாயிறுன்னு விரதம் இருப்பீங்க. காலைல கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையைப் போட்டுட்டு, கூழ் ஊத்துற வரைக்கும் பட்டினியா இருந்தா சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவீங்க. "அம்மன் வந்திருக்கு"ன்னு சுத்தி இருக்கிறவங்க நினைச்சுக்கிட்டு நிற்கிற நேரத்துல மூளைக்குச் சர்க்கரை போகாம இருக்கும். விரதம் இருக்கணும்னா தாராளமா இருங்க, முந்தின வாரமே உங்க டாக்டர்கிட்ட மாத்திரைச் சீட்டைக் காட்டி எதை மாத்தணும், எதை அன்னைக்கு விடணும்னு கேட்டுக்குங்க. நீங்களே நிறுத்தாதீங்க. இன்சுலின் போடுறவங்களுக்கு இதை ரெண்டு தடவை சொல்றேன்.

சரி, மருத்துவம் போதும். இப்ப 'முன்னோர்' பக்கம் வருவோம். எனக்கு அதிகமாக் கோபம் வர்றது அங்கேதான்.

ஆடியில ஏன் கூழ்? கோயில் பக்கம் கேட்டா அம்மை, வெக்கை, அம்மனைக் குளிர வைக்கிறதுன்னு காரணம் சொல்வாங்க. வயல் பக்கம் கேட்டா வேற காரணம் கிடைக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற மாசம் அது. போன அறுவடை நெல்லு தீர்ந்திருக்கும். இருக்கிறது விதை, அதைத் தொட முடியாது. அடுத்த அறுவடைக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்கு. வீட்டுல மிஞ்சினது கொஞ்சம் கேழ்வரகு, கொஞ்சம் கம்பு. அதையும் தண்ணி விட்டுக் கரைச்சாத்தான் எல்லாருக்கும் வரும். ஊர்ல இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து ஒரே அண்டாவுல போட்டு எல்லாரும் குடிக்கிறது பக்தி மட்டும் இல்லை, பஞ்சத்தைப் பங்கு போட்டுக்கிற ஏற்பாடும்தான். அந்த அளவுல அது பெரிய நாகரிகம். தலை வணங்குறேன்.

ஆனா அதையே "ஆரோக்கியமான அந்தக் காலம்"னு படம் போட்டா, அதைக் குடிச்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடணும்.

ஊத்துக்கோட்டை பக்கத்துல இருந்து வர்ற ஒரு ஆயா. எண்பதை நெருங்கினவங்க. முதுகெலும்பு வில்லா வளைஞ்சிருக்கு. பிரஷர் பார்க்கும்போது நான் சும்மா இருக்காம, "ஆயா, நீங்கல்லாம் கூழ் குடிச்சு வளர்ந்தவங்க, அதான் இவ்ளோ தெம்பு"ன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "கூழுன்னா இன்னான்னு உனக்குத் தெரியுமா கண்ணு? நட்டது நாங்க, அறுத்தது நாங்க. சோறு துன்னது அவுங்க. எங்களுக்குச் சோறு பொங்கலுக்கும் தீவாளிக்கும். கூலியே கூழுதான். அதையும் கைய நீட்டி, குனிஞ்சு வாங்கணும்."

அப்புறம் மெதுவாச் சேர்த்தாங்க: "விடியக்காலம் எழுந்து கம்பு குத்தணும். குத்தி, பொடைச்சு, திரிகையில போட்டு அரைச்சு, அதுக்கப்புறம் நடவுக்கு ஓடணும். இப்ப உன் மாதிரி இருக்கிறவ யாராவது குத்துவாளா?"

குத்த மாட்டேன் ஆயா. நானும் குத்த மாட்டேன், ஃபார்வர்டு அனுப்புற அண்ணனும் குத்த மாட்டார். 'பாட்டி காலத்துச் சாப்பாடு'ன்னு கொண்டாடுற வீடியோக்களில் பாட்டியோட தோள்பட்டையை நான் பார்த்ததே இல்லை.

இந்த மக்களுக்குச் சோறுங்கிறது வெறும் மாவுச்சத்து இல்லை. அது மரியாதை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு அண்ணா சொன்ன வாக்குறுதி ஏன் ஊர் ஊரா எடுபட்டதுன்னு யோசிச்சுப் பாருங்க. 2008ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆச்சு. 2011 ஜூனில் இருந்து இலவசம். மூணு தலைமுறை ஏங்கின சோறு தினமும் அடுப்புல ஏறிச்சு. பட்டினிச் சாவைப் பத்தி இன்னைக்கு நாம பேச வேண்டியதில்லைன்னா அதுல அந்த அரிசிக்குப் பங்கு இருக்கு. "ரேஷன் அரிசி தின்னுதான் இவனுங்களுக்குச் சுகர் வந்துச்சு, சோம்பேறி ஆயிட்டானுங்க"ன்னு எழுதுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பாஸ்மதி தின்னவங்களுக்கும் சுகர் வந்திருக்கு. அவங்களை யாரும் சோம்பேறின்னு சொல்றதில்லை.

ஆனா, இங்க ஒரு 'ஆனா' இருக்கு. ரேஷன் தட்டை நான் முழுசா நல்லதுன்னு சொல்லிட்டுப் போக முடியாது.

நாலு பேர் குடும்பம். மாசம் 20 கிலோ அரிசின்னு வைங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 160 கிராமுக்கு மேல் வரும். துவரம்பருப்பு? கார்டுக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். எட்டு கிராம் பருப்புல புரதம் 2 கிராம்கூட இல்லை. சாம்பார்ல மஞ்சள் நிறம் வர்றதுக்கு மட்டும்தான் அது போதும். மீதி புரதத்தைக் கடையில வாங்குங்கன்னு அர்த்தம். வாங்குறாங்களா? முதல் வாரம் வாங்குவாங்க.

முன்னாடி அந்த மீதி எங்கிருந்து வந்துச்சுங்கிறதை யாரும் கேட்கிறதில்லை. நம்ம ஆடி அண்டாவுக்குப் பக்கத்துல என்னென்ன வைப்பாங்கன்னு பாருங்க. முருங்கைக்கீரை. கருவாட்டுக் குழம்பு. மோர். கொத்தவரை வத்தல். மொச்சை. கூழ்ல இல்லாதது எல்லாம் இதுல இருக்கு. கருவாட்டுல புரதம், மோர்ல கொஞ்சம் பி12, கீரையில ஃபோலேட். மாவைப் புளிக்கவைக்கிறதால கேழ்வரகுல இருக்கிற ஃபைட்டேட் குறைஞ்சு இரும்பு நல்லா உடம்புல சேரும். (அதுக்கு மேல ஒரு டீ குடிச்சா அந்த இரும்பைத் தடுத்துடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. மேல சொன்ன அந்த ஒரு வரி இதுதான்.) பிரஷர் இருக்கிறவங்க கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாயில் கை வைக்கும்போது உப்பை நினைச்சுக்குங்க. அதைத் தவிர இந்தத் தொடுகறித் தட்டுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை.

மோருக்கு மாடு வேணும். மாட்டுக்கு மேய்ச்சல் வேணும். தேர்வாய்க் கண்டிகையில ஆயிரம் ஏக்கருக்கு மேல மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போச்சு. ஊர் எதிர்த்துப் போராடிச்சு. பெரும்பாலும் தலித் மக்கள் வாழுற ஊர். மாடு மேய்ச்சது, விறகு பொறுக்கினது, கீரையும் பழமும் பறிச்சது எல்லாம் அந்த நிலத்துலதான்னு சொன்னாங்க. இன்னைக்கு அங்க டயர் தொழிற்சாலை நிற்குது. மீஞ்சூர் பக்கம் போங்க. அங்கேயும் பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்திலும் நிலத்தடி நீரை உறிஞ்சிச் சென்னைக்கு அனுப்பினாங்க. மீஞ்சூர் கிணறுகள்ல கடல் தண்ணி ஏறினது ஊரறிஞ்ச கதை. உப்புத் தண்ணியில எந்தக் கீரை வளரும்? வேலை வேண்டாம், ஃபேக்டரி வேண்டாம்னு நான் சொல்லலை. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வருது. மாட்டையும் நிலத்தையும் கிணத்தையும் எடுத்துட்டு "மோர் ஊத்திக் கூழ் குடிங்க, கீரை சேர்த்துக்குங்க"ன்னு அறிவுரை சொல்றது இருக்கு பாருங்க, அதைத்தான் கேக்குறேன். என்ன நியாயம் அது?

கூட்டுச் சாப்பாடு, ஊர் ஒற்றுமைன்னு உருகுறவங்களுக்கும் ஒரு தகவல். நம்ம மாவட்டத்துல பல ஊர்கள்ல இன்னமும் ஊருக்கு ஒரு அம்மன், காலனிக்கு ஒரு அம்மன். ஊருக்கு ஒரு அண்டா, காலனிக்கு ஒரு அண்டா. இந்த அண்டாவுல இருந்து அந்தப் பக்கம் போகும், அந்த அண்டாவுல இருந்து இந்தப் பக்கம் வராது. இதையும் சேர்த்துத்தான் மரபுன்னு சொல்றீங்களா, இல்லை இதை மட்டும் படத்துல இருந்து வெட்டிடுவீங்களா?

நல்லதும் நடக்குது, சொல்லாம விடக்கூடாது. செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக்காரங்க, சிப்காட்டுக்கு வந்த பீகார் பசங்க இப்பல்லாம் கூழ் வரிசையில நிற்கிறாங்க. யாரும் விரட்டுறதில்லை, நான் பார்த்த ஊர்கள்ல. ஒடிசாக்காரங்களுக்கு இது புதுசும் இல்லை. அவங்க ஊர்ப் பகாளா நம்ம பழைய சோறுதான். ஒரு பையன் சொம்பைக் காலி பண்ணிட்டு "அக்கா, கட்டா!"ன்னு சிரிச்சான். புளிப்புன்னு அர்த்தமாம். ரெண்டாவது சொம்பும் வாங்கினான்.

அந்தப் பையன் மீதி 364 நாளும் எங்க சாப்பிடுறான்? இங்கதான் என் உண்மையான சண்டை.

இன்னைக்கு இந்த வட்டாரத்துல தினமும் ஆயிரக்கணக்கான பேர் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற இடம் கோயில் இல்லை, ஃபேக்டரி கேன்டீன். பந்தி முறையை ஏத்துக்கிட்டது அதுதான். அந்தப் பந்தியில என்ன விழுதுன்னு என் நோயாளிகளைத் தினமும் கேட்கிறேன். பதில் ஒரே மாதிரி. சோறு கேட்ட அளவு. சாம்பார்னு ஒரு தண்ணி. பொரியல் ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி கேட்டா முறைப்பு. முட்டை வாரத்துல ஒண்ணோ ரெண்டோ. ஒப்பந்தத் தொழிலாளின்னா சில இடத்துல அதுவும் தனி டோக்கன். நைட் ஷிஃப்டுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு அதே சோறு, முடிச்சதும் சர்க்கரை போட்ட டீ. முப்பது வயசுல சுகரோட வர்ற பசங்களை நான் பார்க்கிறேன். நீங்க அவங்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஃபார்வர்டு அனுப்புறீங்க. அவன் எட்டுப் பேர் தங்குற ரூம்ல எங்கே வச்சுக் காய்ச்சுவான்?

சட்டம் இருக்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 46. 250 பேருக்கு மேல வேலை செய்யுற இடத்துல கேன்டீன் கட்டாயமாக்க மாநிலத்துக்கு அதிகாரம் கொடுத்தது. என்ன உணவு பரிமாறணும், என்ன விலை வைக்கணும்னு விதி எழுதவும் அதுல இடம் இருந்தது. தொழிலாளர் பிரதிநிதிகளோட கேன்டீன் நிர்வாகக் குழு அமைக்கவும் இடம் இருந்தது. 2020ல் நிறைவேறின புதிய சட்டத்தொகுப்பு ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணி 100 பேர்னு வரம்பைக் குறைச்சிருக்கு. இதைப் படிக்கிற சிப்காட் தம்பி தங்கச்சிகளே, உங்க கேன்டீன் குழுவுல உங்க பிரதிநிதி யாருன்னு தெரியுமா? நான் கேட்ட வரைக்கும் "அப்படி ஒண்ணு இருக்கா டாக்டரம்மா?"ங்கிறதுதான் பதில்.

பள்ளிக்கூடத்தைப் பாருங்க, ஒப்பிட்டுப் பார்க்க. காமராஜர் 1956ல் மதிய உணவைத் தொடங்கினார், எம்ஜிஆர் 1982ல் விரிவாக்கினார், முட்டை பின்னாடி சேர்ந்துச்சு. காலை உணவு 2022 செப்டம்பரில் ஆரம்பிச்சு, 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தத் தொடக்க விழா நடந்ததே நம்ம மாவட்டத்துல, கீழச்சேரியில. ஒவ்வொரு அடியும் யாரோ சண்டை போட்டு, யாரோ காசு ஒதுக்கி, யாரோ அடுப்பு முன்னாடி நின்னு வந்தது. குழந்தைகள் எல்லாம் பாட்டி காலத்துக்குத் திரும்பணும்னு யாரும் உபதேசம் பண்ணலை. தட்டுல முட்டையை வச்சாங்க.

பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு முட்டை கிடைக்குது. அதோட அம்மாவுக்கு? தமிழ்நாட்டுல 15ல் இருந்து 49 வயசுப் பெண்கள்ல 100க்கு 53 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியா, மிஞ்சின சோத்துல மிஞ்சின ரசத்தை ஊத்திக்கிறவங்க அவங்கதான். ஆடிக் கூழ்லயும் பாருங்க. முந்தின நாள்ல இருந்து அண்டா கழுவி, மாவு கரைச்சு, கிண்டி, கீரை ஆய்ஞ்சவங்க எல்லாருக்கும் ஊத்தி முடிச்சு அடியில இருக்கிறதைக் குடிப்பாங்க. அதுக்குள்ள கருவாட்டுக் குழம்பு தீர்ந்திருக்கும்.

"அப்ப என்னதான் சாப்பிடச் சொல்றீங்க?" சுகர் இருக்கிறவங்க கூழ் குடிக்கலாம். ஒரு டம்ளர், சோத்துக்குப் பதிலா, சோத்தோட சேர்த்து இல்லை. கூடவே கீரை, ஒரு முட்டையோ மீனோ சுண்டலோ. மாத்திரை வழக்கம்போல. கரைச்ச கூழைவிடக் கெட்டிக் களியும் கீரைக் குழம்பும் எவ்வளவோ மேல். ஆந்திரா எல்லையோர ஊர்க்காரங்க சங்கட்டின்னு சொல்லுவீங்களே, அதுவேதான், உருண்டை மட்டும் சின்னதா. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்குங்க. உங்க உடம்புக்குக் கூழ் என்ன பண்ணுதுன்னு எந்த ஃபார்வர்டையும்விட அந்த நம்பர் தெளிவாச் சொல்லும்.

மீதியை நீங்களும் நானும் தனியா வீட்டுல பண்ண முடியாது. கேக்கணும். நீலகிரியிலயும் தர்மபுரியிலயும் 2023ல் இருந்து ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறாங்க. விருப்பப்பட்டவங்களுக்குத் திருவள்ளூர்ல ஏன் கூடாது? அரிசியைப் பிடுங்கிட்டு இல்லை, வேணும்கிறவங்களுக்கு மாத்திக்க உரிமை. அதைவிட முக்கியம், துவரம்பருப்பு ஒரு கிலோவை ரெண்டு கிலோ ஆக்கணும். அது இல்லாம கேழ்வரகு மட்டும் வந்தா மாவுக்குப் பதில் மாவு, அவ்வளவுதான். அப்புறம் கேன்டீன் தட்டுல தினம் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே தட்டு.

ஆகஸ்ட் 15 கிராம சபை. ஆடி முடியறதுக்குள்ள வருது. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பல ஊர்ல கூழ் ஊத்துவாங்க, மொத்த ஊரும் ஒரே இடத்துல இருக்கும். அண்டா பக்கத்துல ஒரு பெஞ்சு போட்டு, ரேஷன் கேழ்வரகுக்கும் பருப்புக்கும் ஒரு மனு வச்சுக் கையெழுத்து வாங்குங்க. காலனி அண்டாகிட்டயும் போய் வாங்குங்க, போனவங்க அங்கேயே ஒரு சொம்பு குடிச்சிட்டு வாங்க. மனு எழுத வரலைன்னா இன்பாக்ஸுக்கு வாங்க. டைப் பண்ணித் தர்றேன், ஊர் பேரை மட்டும் நீங்க போட்டுக்குங்க.